காது பார்க்கிறவரின் காது

காது பரிசோதிக்கிறவருக்கு ஹெவி மெட்டல் பைத்தியம் என்று சொன்னால் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் நம்பமாட்டார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பூனை நடை, வருகிற பிள்ளைகளிடமெல்லாம் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள் என்று புத்திமதி. வீட்டுக்குப் போகிற ஒன்றேகால் மணி நேர ரயிலில் மட்டும் மனுஷர் வேறு ஆள். ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முடிந்தமட்டும் ஏற்றி, கண்ணை மூடிக்கொள்வார். இருபத்தெட்டு வருஷமாக இதே கூத்து. உபதேசம் ஊருக்குத்தானே.

பழைய ஹெட்போனின் தோல் உரிந்து சட்டைக் காலரெல்லாம் கறுப்புத் தூளாகக் கொட்ட ஆரம்பித்ததும், புதுசாக வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் தன் முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கித் தருவதாகக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். பேஸ் தூக்கலாக இருப்பதை எடுத்தால் கிட்டார் அதில் முங்கிப்போகும் என்றார். காது மூடாத வகை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து கேட்பார் என்றார். காது பார்க்கிறவருக்குக் கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த மாதிரி சந்தோஷம்.

அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. அவருக்கு மனப்பாடமான ஒரு பாட்டில், எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, டிரம்ஸ்காரர் சிம்பலை மட்டும் ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு அது தானாக அடங்கும்வரை விட்டுவிடுவார். அந்த இடம் தேறினால் ஹெட்போன் தேறியது என்பது அவர் கட்சி.

முதல் ஹெட்போனில் சிம்பல் 'டொக்' என்று செத்துப்போனது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தக் காலத்தில் எவனும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று அலுத்துக்கொண்டார். கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, அந்தக் கடையிலேயே உசத்தியானதைக் கொண்டுவந்தார். அதிலும் டொக். சத்தத்தை ஏற்றினார். டொக்.

மகள் வாங்கி மாட்டிப் பார்த்தாள். மாட்டிய வேகத்தில் கழற்றினாள்.

"அப்பா, காதே கிழியுது. அந்த சிம்பல் அடங்கவே மாட்டேங்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

கடைக்காரர் அவசரமாகத் துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். பார்க்காத மாதிரி இருக்கிற பெருந்தன்மை. அது அடியைவிட வலித்தது.

காது மந்தமானது மட்டும்தான் என்றால் கொஞ்சம் அசடு வழிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவர்தானே. ஆனால் அவருக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது ஒரு திருகாணி.

தினமும் காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன்னால், பரிசோதனை இயந்திரத்தின் ஒவ்வொரு ஒலியையும் தன் காதால் கேட்டுச் சரிபார்ப்பது அவர் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன் கீச்சொலி சன்னமாகக் கேட்டது. இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து, பின்மூடியைத் திறந்து, ஒலியளவைக் கூட்டும் திருகாணியைக் கொஞ்சம் ஏற்றிவைத்தார். ஆறு மாசம் கழித்து இன்னும் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. முள் இருபது டெசிபல் என்று காட்டும்போது உள்ளே நாற்பது போயிருக்கிறது. காது போனவர்களையெல்லாம் காது நன்றாக இருப்பதாக எழுதி அனுப்பியிருக்கிறார்.

"எதுவும் சரியில்லம்மா, போலாம்" என்றார். தன் பணத்தை மிச்சம்பிடிக்கத்தான் அப்பா இப்படிச் சொல்கிறார் என்று மகள் கோபித்துக்கொண்டாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை, சீட்டு எழுதுகிற பெண்ணை உட்காரவைத்து, தன் காதுக்கு எட்டாத ஒலியை வைத்தார். நன்றாகக் கேட்கிறது என்று அவள் உடனே கையைத் தூக்கினாள். நேரே பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. அறையைப் பூட்டச் சொன்னார், மூன்று வருஷத்தில் வந்த அத்தனை பேரையும் திரும்ப அழைத்துக் கடிதம் போடச் சொன்னார். காது பார்க்கிறவர் தலையைத் தூக்காமல் கடிதங்களை எழுதிக்கொண்டே போனார். ஒரு பெயருக்கு மட்டும் கை ஓடவில்லை.

அது அவர் மனைவியின் அண்ணன், மச்சான். தகரம் வெட்டும் பட்டறையில், காதைப் பிளக்கிற பிரஸ் இயந்திரத்தை ஓட்டுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் காது சரியாகக் கேட்கவில்லை என்று வந்தபோது, காது கண்ணாடி மாதிரி இருக்கிறது, கவனம்தான் இல்லை என்று இவர் எழுதிக்கொடுத்தார். அதோடு விட்டாரா? மொத்தக் குடும்பமும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அதை ஒரு ஜோக்காகவும் சொன்னார். அன்றிலிருந்து மச்சான் வேண்டுமென்றே நடிக்கிறார் என்று பேச்சாகிவிட்டது. மச்சானின் மனைவி எதையும் இரண்டாம் தடவை சொல்வதை நிறுத்திவிட்டாள். பட்டறையில் வேறு வேலைக்கு மாற்றக் கேட்டபோது, இந்தச் சீட்டைக் காட்டி மறுபடி பிரஸ் பக்கத்திலேயே நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அந்த வீட்டுக்குப் போனார். பெண்கள் சமையலறையில் இருந்தார்கள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் காதில் விழாதபடி, "மச்சான், அன்னிக்கு நான் பாத்தது தப்பு" என்றார்.

மச்சான் சிரித்தபடி தலையாட்டினார். காது கேட்காதவர்கள் சமாளிக்கிற சிரிப்பு. தன் அறையில் ஆயிரம் முகத்தில் பார்த்த சிரிப்பை, சொந்த மச்சான் முகத்தில் இரண்டு வருஷமாக அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடி சொன்னார். அதே தணிந்த குரலில்தான்.

மச்சான் சிரிப்பை விட்டுவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாப்ள. சத்தியமா நடிக்கல."

காது பார்க்கிறவர் எழுந்து நின்றார். "உங்க காது போயிருக்கு மச்சான். அப்பவே போயிருக்கு. என் காதும் போயிடுச்சு, அது தெரியாம மெஷினைக் கெடுத்து வெச்சிருந்தேன். நீங்க சொன்னதுதான் நிஜம்."

இரைந்து சொன்னதில் சமையலறைச் சத்தம் நின்றது. மச்சானின் மனைவி கரண்டியும் கையுமாக வாசற்படிக்கு வந்தாள். இந்தத் தடவை மச்சானுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தது. அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"கேட்டுச்சா?" என்று அவளிடம் கேட்டார்.