அருகில் இருந்த நெஞ்சு

இருமியது நான்தானே, அப்பா அசையக்கூட இல்லையே, பிறகு ஏன் திரையில் அந்தப் பச்சைக் கோடு துள்ளியது... அவள் வேண்டுமென்றே இன்னொரு முறை இருமிப் பார்த்தாள், மறுபடி துள்ளியது, அப்பா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார், வாதம் வந்து பேச்சு போனதிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் வேலை. மூச்சை அடக்கினாள், கோடும் அடங்கியது. அடப்பாவிப் பெட்டியே, இத்தனை நாளும் நீ என்னையா அளந்துகொண்டிருந்தாய்?

சுவரில் அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டியதே அவள்தான். அலுவலகத்தில் அவள் சோதித்துப் பார்க்கிற பெட்டி, உடம்பைத் தொடாமலே நெஞ்சின் அசைவைப் பிடித்து, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று எண்ணாகச் சொல்லும், எண் ஏறினால் மனது இளகியிருக்கிறது, விழுந்தால் உள்ளே ஏதோ இறுக்குகிறது... ஒயரை ஒட்டினால் அப்பா பிய்த்து எறிகிறார் என்றுதானே இதைக் கொண்டுவந்தாள். அலுவலகத்தில் ஒருநாளும் தப்பியதில்லை, எப்படித் தப்பும், அங்கே கட்டிலில் ஒரே ஒரு ஆள், மற்றவர்களெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், யாரும் நாற்காலி போட்டுக் கையைப் பிடித்துக்கொள்வதில்லை. இங்கே பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலி, கிட்ட இருக்கும் நெஞ்சைத்தான் அது பிடிக்கும், இதுகூடத் தோன்றவில்லையா உனக்கு, பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எழுதுகிறவளே?

அவள் வந்து உட்கார்ந்தால் எண் ஏறும், அப்பாவுக்கு என்னைத் தெரிகிறது, தெரிகிறது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாளே, அதெல்லாம்... தம்பி உட்கார்ந்தால் விழும், ஒவ்வொரு முறையும் விழும். திரையை அவன் பக்கம் திருப்பியே காட்டினாள், பாருடா, நீ வந்தா அப்பாவுக்கு ஆகல, கொஞ்ச நாள் வராம இரேன். நான் என்னக்கா பண்ணேன், சும்மாதானே உக்காந்திருக்கேன் என்றான், செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். சின்ன வயதில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறவன், அப்பா பெல்ட்டைக் கழற்றினால் அடி அவனுக்குத்தான், என்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை... அந்த நெஞ்சுதான் இந்த நாற்காலியில் படபடத்திருக்கிறது. பயந்துகொண்டே வந்திருக்கிறான், பயந்துகொண்டே அந்தக் கையைப் பிடித்திருக்கிறான், அதைக் காட்டியே நான் அவனை விரட்டினேன்.

எழுந்து நாற்காலியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். திரை சற்றுத் தேடியது, பிறகு ஒரு எண் வந்து நின்றது, மிகச் சின்ன எண். அப்பா, நான்தான்பா என்று கையைப் பிடித்தாள், மாறவில்லை. விட்டாள், மாறவில்லை. மறுபடி பிடித்தாள்... போனை எடுத்தாள், தம்பியிடம் என்ன சொல்வது, உன்மேல் அப்பாவுக்கு வெறுப்பெல்லாம் இல்லடா என்றா, அதைச் சொன்னால் அப்பாவுக்கு என்னை மட்டும் தெரிந்தது என்பதும் இல்லாமல் போகுமே. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான், சொல்லுக்கா, அப்பாவுக்கு ஏதாச்சும்... என்றான். அவளுடைய இன்னொரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்து, பழைய இடத்துக்கே அதைத் திரும்ப இழுக்கப் பார்த்தது.