இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ

அந்தப் பழைய பிக்கப் வண்டியைப் பற்றி யார் என்ன கருத்துச் சொன்னாலும், சொன்ன மாத்திரத்தில் அது கிலோ கணக்கில் வண்டியின் மேல் ஏறிக்கொண்டது. நல்லதாகச் சொன்னாலும் ஏறியது, மோசமாகச் சொன்னாலும் ஏறியது. பாராட்டு இரண்டு மூன்று கிலோவைத் தாண்டாது. ‘ஏதோ பரவாயில்லை’ என்பதற்கு ஒன்பது கிலோ. இதைக் கண்டுபிடித்தவர் வண்டியின் சொந்தக்காரரேதான். நெடுஞ்சாலையோரத்து எடைமேடையில் இருபத்தெட்டு வருடமாக லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவந்தவர் அவர். ஆட்களின் பேச்சை அவர் நம்புவதில்லை. முன்பு முள்ளை நம்பினார். முள் போய்ச் சிவப்பு எண்கள் வந்த பிறகு எண்களை நம்பினார். இரும்புத் தளத்தை ஒட்டிய சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கார்பன் வைத்த சீட்டுப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரி, இவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். ஐந்து ஐந்து கிலோவாக மட்டுமே காட்டத் தெரிந்த அந்த இயந்திரம், இந்த ஒரு வண்டி ஏறி நின்றால் ஒற்றைக் கிலோவையும் காட்டியது. பழுது பார்ப்பவர் வந்து திறந்து பார்த்தார், கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வண்டி முதலில் அவருடையது அல்ல, மகனுடையது. குளிர்சாதனப் பெட்டிகள் ரிப்பேர் செய்துகொண்டிருந்த மகன், தன் அப்பாவை விட வயதான அந்தக் கூட்டை எங்கிருந்தோ வாங்கிக் கயிறு கட்டி இழுத்து, அப்பாவின் எடைமேடையில் ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். உருண்டையான மூக்கு, ஒரே ஒரு முன்விளக்கு, தரையே இல்லாத பின்பெட்டி. ஓய்வு நாட்களில் அதன் அடியில் படுத்துத் துருவைச் சுரண்டுவான். அடுத்த வருடம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. பதினோரு மாதம் அந்தக் கூடு சுவரோரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒருநாள் காலையில் எடைமேடைக்காரர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், மாடி கட்ட வைத்திருந்த பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கூட்டை டிங்கர்காரர் பட்டறைக்கு இழுத்துப் போனார். இருப்பதிலேயே உயர்ந்ததாகச் செய்யுங்கள் என்றார். டிங்கர்காரர் இருப்பதிலேயே உயர்ந்ததாகத்தான் செய்தார். புது எஞ்சின், புது கியர் பெட்டி, கையாலேயே தட்டி வளைத்த தகடுகள், முகம் பார்க்கக்கூடிய பம்பர்கள், தோல் தைத்த இருக்கை, பின்பெட்டிக்குத் தேக்குப் பலகை. பூட்டும் முன் ஒவ்வொன்றையும் எடைமேடைக்காரர் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டார். இரண்டரை வருடம் ஆயிற்று.

வேலை பாதி நடக்கும்போதே ஊர் வாயைத் திறந்துவிட்டது. மனைவியின் அண்ணன் பட்டறைக்கே வந்து, இந்தக் காசுக்கு மூன்று புது வண்டி வாங்கலாம், துக்கம் ஒரு மனிதனை இப்படியா முட்டாளாக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். நாற்பத்தொரு கிலோ. எதிர்வீட்டு டீச்சர், பையன் பெயரில் நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கலாமே என்று மெல்லிய குரலில் சொன்னார். அறுபத்து மூன்று. மெல்லிய குரலுக்குத்தான் எடை அதிகம் என்பதை எடைமேடைக்காரர் அன்று தெரிந்துகொண்டார். பழைய வண்டிப் பிரியர்கள் சிலர் வந்து பார்த்து, அசல் எஞ்சினைக் கழற்றியது மகாபாவம் என்றார்கள், ஆளுக்குப் பதினெட்டு. யாரோ வண்டியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட, முகம் தெரியாதவர்களின் கருத்துகள் தூறலாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் கிராம் கணக்குத்தான். ஒரே வாரத்தில் நூற்று முப்பது கிலோ. அத்தனையையும் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படித்தார்.

வேறு ஆளாக இருந்தால் வாயை மூடுங்கள் என்று ஊரைப் பார்த்துச் சண்டைக்குப் போயிருப்பார். இவர் தொழில் புத்தி வேறு. அச்சின் மேல் சுமை தாங்கும் பட்டைகள் ஏழு இருந்ததை ஒன்பதாக்கினார், பிறகு பதினொன்றாக்கினார். டிங்கர்காரர் பொறுக்கமாட்டாமல், “அண்ணே, பேசறவங்கள நிறுத்தச் சொல்லாம பட்டையச் சேத்துக்கிட்டே போனா எப்படிண்ணே?” என்று கேட்டதற்கு, ஏற்றிய சரக்கைத் தாங்குவதுதான் வண்டியின் வேலை என்று பதில் சொன்னார். எடை போடுகிறவனுக்கு எந்தச் சுமைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அந்தப் பழக்கத்தில், யார் யார் எவ்வளவு ஏற்றினார்கள் என்று தனியாக எழுதி வைத்தார். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார். பாகங்களின் எடை போக, கம்பெனிக் கையேட்டில் உள்ள கூட்டின் எடை போக, ஊரார் சொன்னது அத்தனையும் போக, இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ மிச்சம் நின்றது. அதற்கு மட்டும் ஆள் இல்லை.

ஆள் இல்லாமல் எப்படி ஏறும்? வண்டியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசாதவள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவர் மனைவி பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வண்டி வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் துணி காயப் போட்டாள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் அவளுடையதுதான், வாய்விட்டுச் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்து ஏற்றுகிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக் காசைத் தகரத்தில் கொட்டிய மனுஷன் என்று அவள் நினைப்பதாக அவரே நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஒரே வீட்டில், சாப்பாடு ஆறுது, பால்காரர் வந்தார், மழை வரும்போல இருக்கு என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு ஏறவில்லை. அவர் எதைச் செய்தாலும் மனசில் ஒரு மூலையில் அந்த எண் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வண்டியைப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. இந்த ரக வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல் போனால் அனுமதி கிடையாது. பத்து நாளில் கொண்டுவந்து காட்டாவிட்டால் உடைத்து இரும்பாகத்தான் போட வேண்டும். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார். இரண்டாயிரத்து நூறு. மகன் கை பட்டதென்று உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். விஷயம் தெரிந்து மைத்துனரே வந்து நின்று, “மாப்பிள்ளை, நான் சொன்னதெல்லாம் வாபஸ், மனசுல வெச்சுக்காதீங்க” என்று உண்மையாகவே கண் கலங்கினார். எண் ஆறு கிலோ இறங்கி நின்றது. அதன் சூட்சுமம் எடைமேடைக்காரருக்கு உடனே புரிந்தது. சொன்னவர் திரும்ப வாங்கினால் போதாது. கேட்டவர் மனசு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் இறங்கும். மீதி முப்பத்தைந்தை விட்டுவிட அவரும் முயன்று பார்த்தார். மனசு கேட்கவில்லை.

ஆக வழி ஒன்றுதான் இருந்தது, அந்த இருநூற்றுப் பன்னிரண்டு இறங்கினால் போதும். மறுநாள் மதியம் மனைவியை எடைமேடைக்கு அழைத்துவந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வண்டியைத் தளத்தில் நிறுத்திவிட்டு, எண்ணைக் காட்டி, “உன் மனசுல இருக்கறத இன்னைக்குச் சொல்லிடு. எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கறேன். அதுல இருநூத்திப் பன்னெண்டு உன்னுது” என்றார்.

அவள் எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “என்னுதா? இத்தனை நாளா இதுக்காகவா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல?” என்று கேட்டாள். “இந்த வண்டியப் பத்தி நான் ஒண்ணுமே நினைக்கலங்க. எனக்கு அவனை நினைக்கவே நேரம் சரியா இருக்கு.”

இயந்திரத்தில் ஒரு கிலோவும் கூடவில்லை, குறையவில்லை. அவள்தான் அலமாரியைக் காட்டி, மகன் வண்டியைக் கொண்டுவந்த அன்றைய சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, அவர் எதையும் தூக்கி எறிகிறவர் அல்ல. கார்பன் நகலில் இருந்த எடையிலிருந்து கையேட்டில் இருந்த எடையை அவர் இரண்டு முறை கழித்தார். ஊரில் ஒருவர் வாய் திறப்பதற்கு முன்பே, பட்டறையைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் கூட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ ஏறியிருந்தது. அன்று அவர் அதை மண்ணும் துருவும் என்று நினைத்திருந்தார்.

“அன்னைக்கு அவன்கிட்ட என்ன சொன்னீங்க?” என்றாள் மனைவி. “வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான். ஆனா சாப்பிடல.”

அவர் மறந்திருந்தால்தானே நினைவுபடுத்திக்கொள்ள. லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நிற்க, கூடு தளத்தின் மேல் உருண்டு ஏறும்போதே, “இதுவும் உருப்படாது, நீயும் உருப்பட மாட்டே” என்று சொல்லியிருந்தார். மகன் மற்றவர்களைப் போல எடைக் கூலியை ஜன்னல் வழியே நீட்டினான். இவரும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. அதை மகனுக்குச் சொன்னதாக நினைத்திருந்தார், வண்டிக்குச் சொன்னதாக அல்ல. இப்போது மனைவியிடம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தளத்தில் இறங்கி, முன்பக்கத் தகட்டில் கையை வைத்து, “தப்புடா, தெரியாம சொல்லிட்டேன்டா” என்று வாய்விட்டு அழுதார். லாரிகள் வரிசையில் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அவள் ஜன்னல் வழியாக எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பத்தைந்து கிலோ இறங்கியது. அது மைத்துனர் பாக்கி. தன் வார்த்தை இன்னதென்று தெரிந்த பிறகு அவரால் இன்னொருவர் வார்த்தையைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே நின்றது. அதைக் கேட்டவன் இல்லை. விடுவதற்கு ஆள் இல்லை. அவள் வெளியே வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, “அது இறங்காதுங்க. இருக்கட்டும். வேற எதை இறக்கலாம்னு பாருங்க” என்றாள்.

அடுத்த ஐந்து நாளும் இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினார்கள். பம்பர்கள் போயின, தோல் இருக்கை போயிற்று, தேக்குப் பலகைகள் போயின, பாட்டுப் பெட்டி, பளபளக்கும் சக்கர மூடிகள், எல்லாம் போயின. அவள் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். டிங்கர்காரர் வந்து பார்த்து, இரண்டரை வருட உழைப்பைக் கண்ணெதிரே பிய்க்கிறீர்களே, இதற்கு என் கையை வெட்டியிருக்கலாம் என்று குமுறினார். அதில் பதினொரு கிலோ ஏறிவிட்டதால் பின்கதவையும் கழற்ற வேண்டியதாயிற்று. இருக்கைக்குப் பதில் ஒரு சாதாரணப் பலகை. கடைசியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஒரு கிலோ குறைவாக நின்றது.

பத்தாம் நாள் அலுவலகத்தில் ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தார். கையேட்டையும் எடைச் சீட்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, காலி வண்டியில் இவ்வளவு கூடுதல் எப்படி என்று விசாரித்தார். எடைமேடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். ஆய்வாளர் அதுபோல் நிறையப் பார்த்தவர் போல இருந்தது. ஊரார் பேச்சை, மாறக்கூடிய சுமை என்ற கட்டத்தில் மொத்தமாக எழுதிக்கொண்டார்.

“இந்த இருநூத்திப் பன்னெண்டு?”

“அது நான் என் பையனைச் சொன்னது சார்.”

“இறக்க முடியாதா?”

“முடியாது சார்.”

ஆய்வாளர் நிமிர்ந்து ஒரு தடவை இருவரையும் பார்த்தார். பிறகு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை என்ற பட்டியலில், எஞ்சின், கியர் பெட்டி, எரிபொருள் தொட்டி என்று வரிசையாக இருந்ததற்குக் கீழே, ‘தகப்பன் சொல், 212 கிலோ’ என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். திரும்பும் வழியில் மேட்டில் வண்டி மெதுவாகத்தான் ஏறியது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த மனைவி, அவசரமில்லை, பாரம் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றாள். அவர் கியரை இரண்டாவதுக்கு மாற்றிக்கொண்டார்.