இருட்டில் வந்த அழைப்புகள்

அவள் வீட்டுக்காரர் அமெச்சூர் ரேடியோக்காரர். மொட்டைமாடியில் அவர் கட்டிய கம்பியைப் பார்த்துத் தெருவே அவரை ஏரியல் என்றுதான் கூப்பிடும். அவரைப் போல வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிறவர்களில் யார் அதிகம் பேரைப் பிடித்துப் பேசுகிறார்கள் என்று வருஷா வருஷம் போட்டி நடக்கும். அவர் மைக்கில் பேசுவார்; டிரைவரான அவர் தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்வான். இந்த முறை அந்த நாற்காலியை அவள் கேட்டுவிட்டாள்.

காகிதக் கிடங்கில் பண்டல் தூக்குகிறவள். எழுத்துக் கூட்டப் படித்ததே மகள் கல்யாணத்துக்கு அப்புறம்தான். ஒரு அழைப்பை விட்டாலும் எழுந்துவிட வேண்டும் என்று கொழுந்தன் கறாராகச் சொல்லிவிட்டான்.

கம்ப்யூட்டர் அரதப்பழசு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. புரோகிராமுக்கும் அதே வயசு. அவளுக்கு அது தோதாக இருந்தது. ரேடியோவில் எல்லோருமே பெயருக்குப் பதிலான தங்கள் அடையாளத்தை எழுத்தெழுத்தாகத்தான் சொல்வார்கள்; உலகமே எழுத்துக் கூட்டுகிற இடம் அது. பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஏரியல் ஒரு வரிசை எண் கொடுப்பார், அவர்களும் ஒன்று கொடுப்பார்கள். கேட்டதை அடித்து எண்டரைத் தட்டினால் தீர்ந்தது. ஏற்கெனவே பேசிய ஆள் மறுபடி வந்தால் பெட்டி 'பீப்' என்று கத்தும்.

மத்தியானம் கரண்ட் போனது. மாடிப்படிக்கு அடியிலிருந்த ஜன்னலில்லாத அறை கும்மிருட்டானது. ரேடியோ கார் பேட்டரியில் ஓடியதால் ஏரியல் பேச்சை நிறுத்தவில்லை. லேப்டாப் வாங்கச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்று புலம்பியபடி தம்பி பேனா தேடி ஓடினான். அந்த வீட்டில் பேனா என்றைக்குக் கைக்குக் கிடைத்தது?

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எழுத்துத் தெரியாத காலமெல்லாம் எந்த லாரியில் எத்தனை பண்டல் என்று தலையில்தானே வைத்திருந்தாள்? வந்த அடையாளங்களையும் எண்களையும் அதேபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

கரண்ட் வந்தது. பெட்டி முக்கி முனகி எழுந்தது. ஒவ்வொரு எண்டருக்கும் சேமித்துவிடுகிற புரோகிராம் என்பதால் காலையில் அடித்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. தம்பி பேனாவோடு வந்தபோது அவள் உதட்டை அசைத்தபடி விடுபட்டதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் பெட்டி 'பீப்' என்றது.

"போச்சு. குழம்பிட்டீங்க அண்ணி. எந்திரிங்க."

அவள் திரும்பவில்லை. "இப்ப அது கத்தத்தான் வேணும். அந்த ஆளு காலைலயே வந்தாரு, நான்தான் அடிச்சேன். மறந்துட்டுத் திரும்பக் கூப்பிட்டாரு. கத்தலைன்னாதான் நான் குழம்பிட்டேன்னு அர்த்தம்."

தம்பி குனிந்து திரையை மேலே ஓட்டினான். காலை வரிசையில் அதே அடையாளம் இருந்தது. அவள் கடைசி அழைப்பையும் அடித்து முடித்ததும் ஏரியல் மைக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கடைசி ஆளுக்கு நான் கொடுத்த வரிசை எண்ணும் திரையில நிக்கிற எண்ணும் ஒண்ணா இருக்குடா. ஒண்ணுகூட விடலை." ஏதோ தானே பண்டல் தூக்கி இறக்கினவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

தம்பி பேனாவைக் காதில் செருகினான். "சரி அண்ணி, செத்த நேரம் ஓய்வெடுங்க. நான் உக்கார்றேன்."

"நீ போய் டீ போடு" என்றாள் அவள், நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு.