எப்ப எடுக்கறீங்க?

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக ஜோதி வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நைந்துபோன பழைய வேட்டிதான், ஆனாலும் கிழிய மாட்டேனென்று அடம்பிடித்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் லாரிக்காரர் பாண்டுரங்கன். ஏரி மண்ணிலிருந்து ஊர் ஓட்டு வரைக்கும் அவர் கையைத் தாண்டி எதுவும் போகாது. அப்பா கோதண்டம் உயிரோடு இருந்தவரை எதிரில் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதர், இரண்டு ஆள் தூக்கிவந்த ரோஜா மாலையை இப்போது அவர் மேல் சாத்திவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"எப்பம்மா எடுக்கறீங்க?"

சாவு வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

"அண்ணன் குன்றத்தூர்லேர்ந்து வந்துகினு கீதுண்ணா. வந்ததும் எடுத்துடுவோம்."

"இன்னா அவசரம்? அஞ்சு மணிக்கு மேல எடுங்க. தெருவே கூட உக்காந்து மரியாத பண்ணட்டும். பாடை, மோளம், பூவு எல்லாம் என் செலவு. யாரும் எங்கியும் அலைய வேணாம். இன்னா கண்ணப்பா?"

பெரியப்பா கண்ணப்பன் கும்பிட்டார். "உங்க மனசு யாருக்கு வரும்?" என்றார். ஜீப் கிளம்பிப் போய்த் தெருமுனை டீக்கடையில் நின்றது. அங்கே அவருடைய ஆட்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று ஓட்டு நாள். ஓட்டுப் போடும் நேரம் ஐந்து மணியோடு முடிகிறது. பிணம் கிடக்கும் தெருவில் அதை எடுக்கும்வரை அடுப்பு எரியாது, யாரும் வேறு காரியத்துக்குப் போக மாட்டார்கள். பாண்டுரங்கன் கொண்டுவந்து போட்டது மாலை அல்ல, பூட்டு.

போன தேர்தலில் இந்தக் கீழத்தெரு ஜனங்கள் சாவடிக்குப் போய்ச் சேருவதற்குள் அவர்கள் ஓட்டையெல்லாம் பாண்டுரங்கனின் ஆட்கள் போட்டுவிட்டிருந்தார்கள். "நான் உயிரோடதானே கீறேன் சார்?" என்று கோதண்டம் அதிகாரியிடம் கேட்டதை ஊரே ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இந்த ஜனவரியில் ஆட்சியைக் கலைத்தபோது, "நாம போடாத ஓட்டுல வந்தத, நம்மளக் கேக்காமக் கலைச்சிட்டாங்க. இந்த வாட்டியாவது நம்ம ஓட்ட நாமளே போடணும்" என்று வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததும் போலீஸ் ஜீப் தெருத்தெருவாகச் சுற்றியது. ரோட்டில் நாலு பேருக்கு மேல் சேர்ந்து நடந்தால் உள்ளே போட்டுவிடுவோம் என்று மிரட்டியது. அப்போதும் அவர் நிற்கவில்லை, தனியாகப் போனார். இன்று விடிவதற்கு முன்பே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காபி கேட்டார். காபி வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

ஜோதி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"பெரியப்பா, அப்பா இருக்கட்டும். எல்லாரும் போய் ஓட்டுப் போட்டுட்டு வரட்டும்."

"பைத்தியமா புடிச்சிருக்கு? பொணத்த நடுவூட்ல போட்டுகினு ஓட்டா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அந்த நாலு பேருதான் போவணும். நாலு பேருக்கு மேலதானே சேந்து போவக் கூடாது?"

கண்ணப்பன் தம்பியின் வெள்ளைச் சட்டையையே பார்த்தபடி, "பாடைக்கு மூங்கி வெட்டணும். நான் மொதல்ல போறேன்" என்றார்.

பல்பு கம்பெனியில் ஜோதிக்கு லைன் வேலை. ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் போக முடியும். லைன் நிற்கக் கூடாது, சூப்பர்வைசர் கண்ணுக்குக் காலி ஸ்டூல் தெரியக் கூடாது. அதையே இங்கே செய்தாள். ஒப்பாரி வட்டத்திலிருந்து நாலு பெண்கள் எழுந்தால் இடைவெளி விழாமல் நாலு பேர் நுழைந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகை நிற்கவேயில்லை. டீக்கடை வரைக்கும் கேட்டது. பாண்டுரங்கனின் ஆட்கள் நிம்மதியாக இரண்டாவது டீ சொன்னார்கள்.

பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் குடத்தோடு ஏரிக்கரை வழியாகச் சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஆண்கள் மூங்கில் வெட்டப் போனார்கள், விராட்டி எடுக்கப் போனார்கள். அன்று வந்து சேர்ந்த மூங்கிலுக்கு ஒரு கல்யாணப் பந்தலே போட்டிருக்கலாம். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போய்வருகிறேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்த வழக்கம் அன்றைக்குப் போல் எப்போதும் உதவியதில்லை. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்தார்கள், போனார்கள், வந்து விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். அழுகையும் பொய்யில்லை. கோதண்டத்துக்காக அழாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஜோதியும் பக்கத்து வீட்டு ஞானம்மாவும் அவள் மருமகள் ரூத்தும்தான் பாக்கி. மூவரும் குடத்தை எடுத்தார்கள்.

"எனக்கு?" என்றாள் அம்மா சரோஜா.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் நிறைய மஞ்சள், பெரிய குங்குமம், தலை கொள்ளாத பூ.

"அம்மா, நீ எப்படிம்மா? வாசப்படி தாண்டக் கூடாதே."

"நாலாவது ஆளு யாருடி? நான்தானே?" முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். "கொடத்த வெச்சிடு. நான் ஏரிக்கரையில ஒளிஞ்சிகினு போவமாட்டேன். ரோட்லயே வா."

ரோட்டிலேயே போனார்கள். டீக்கடையில் ஒருவன் தடுக்க எழுந்தான். குங்குமத்தைப் பார்த்தான். எழுந்தவன் எழுந்தபடியே தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மற்றவர்களும் எழுந்தார்கள். சரோஜா திரும்பிப் பார்க்கவில்லை.

சாவடி அதிகாரி வெளியூர் வாத்தியார். பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

"சரோஜா, கணவர் கோதண்டம். அவர் பேரும் மேலயே இருக்கே. கூட வரலையா அம்மா?"

வெளியே போக வாத்தியார் விடாததால் காலையிலிருந்து சேதி அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கனின் ஏஜெண்டு சட்டென்று நிமிர்ந்தான்.

"அவரு காலையில செத்துட்டாரு சார்" என்றாள் சரோஜா. "அவரு பேரச் சொல்லிகினு எவனாவது வந்தா வுடாதீங்க."

வாத்தியார் எழுந்து நின்றார். ஏஜெண்டு தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். அடுக்கி முடித்தும் தலை நிமிரவில்லை. ஜோதி அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள், சரோஜா அதை மெல்ல விடுவித்துக்கொண்டு தனியாக மறைப்புக்குள் போனாள்.

ஐந்து மணி அடித்ததும் பாண்டுரங்கன் மேளத்தோடு வந்தார். குன்றத்தூர் அண்ணன் வந்திருந்தான். அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

"எல்லாரும் கூடவே இருந்தீங்க, அதான் மரியாத" என்றார் பாண்டுரங்கன். "வாய்க்கரிசி போடுங்க."

கண்ணப்பன் முதலில் குனிந்தார். இரண்டு கையையும் சேர்த்து அரிசியை அள்ளிப் போட்டார். இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு கறுப்பாக மை. அடுத்தவருக்கும். அதற்கடுத்தவருக்கும். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நீண்டு நின்றது. பாண்டுரங்கன் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மேளக்காரர் அடிக்கலாமா என்று கண்ணால் கேட்டார். பாண்டுரங்கன் அடுத்த கையைப் பார்த்தார்.

கடைசியாகச் சரோஜா வந்தாள். அரிசியைப் போட்டாள். பிறகு புருஷனின் இடது கையைப் பிரித்தெடுத்து, அவர் விரல் நகத்தின் மேல் தன் விரலை வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டேயிருந்தாள். மை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது, கொஞ்சம்கூட ஒட்டவில்லை.

ஜோதி குனிந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எடுங்க" என்றாள்.