இன்னொரு சாவி

பூட்டுக்காரர் தம் கடையில் யாருக்கும் ஒற்றைச் சாவியோடு பூட்டு கொடுத்ததே இல்லை. "இது தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க? இன்னொண்ணை நம்பிக்கையான ஆள்கிட்ட கொடுத்து வைங்க" என்று வாங்க வந்தவரை நிற்கவைத்து உபதேசம் செய்துவிட்டுத்தான் அனுப்புவார். அவசரமாக வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த வீட்டு விஷயத்தில் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது, அவர் கண்ணை மூடி ஏழு மாதம் கழித்து வக்கீல் அலுவலகத்தில்தான் அவர் மனைவிக்கு விளங்கியது.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இளையவன் குட்டி. முப்பத்தெட்டு வயதாகியும் குட்டிதான். ஆள் ஆறடி, மனசுக்கு மட்டும் ஐந்து வயதுக்கு மேல் ஆகவில்லை.

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன மாதம் அம்மா படியில் சறுக்கி விழுந்தாள். குட்டி ஓடி வந்தான், பக்கத்தில் உட்கார்ந்தான், அவளைப் போலவே காலை நீட்டிக்கொண்டான். ஆளைக் கூப்பிட அவனுக்குத் தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவளை வாட்டியது கால்வலி அல்ல. நான் போய்விட்டால் இவன் கதி என்ன என்பதுதான். வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுப் பக்கமாகத் தரைத்தளத்தில் ஒன்று பார்ப்பது என்று முடிவாயிற்று.

வக்கீலம்மா பத்திரத்தைப் புரட்டினார். "வீடு உங்க பேர்ல இல்லையேம்மா. மகன் பேர்ல இருக்கு. நாலு வருஷமாச்சு."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசையைப் பார்த்தாள். பெற்றவள் கையெழுத்துப் போட்டால் விற்றுவிடலாம் என்றுதான் அவள் இருந்தாள்.

"அவர்தான் எழுதி வெச்சாரு. அவனை யாரும் வெளியே அனுப்பிடக் கூடாதுன்னு."

"நல்ல எண்ணம்தான். ஆனா விக்கணும்னா உங்க மகன் புரிஞ்சு கையெழுத்துப் போடணும். அவருக்குப் பதிலா போட அப்பா யாரையும் ஏற்பாடு பண்ணலை. இனி கோர்ட்டுக்குப் போய்த்தான் கார்டியன் கேக்கணும். உங்களுக்கு எழுபத்தொண்ணு. உங்களுக்கப்புறம் யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க."

வீட்டுக்குச் சொந்தக்காரர் அப்போது ஜன்னலோரம் நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வியைத்தான் புருஷன் பெண்டாட்டி இருவரும் இருபது வருடமாகக் கிட்டவே அண்டவிடவில்லை. பேச்செடுத்தால் "எனக்கு இப்ப என்ன ஆயிடுச்சு" என்று அவர் எழுந்து போய்விடுவார். மகளைக் கேட்டால் மாட்டேன் என்றுவிடுவாளோ என்று இவளுக்குப் பயம். கேட்காத வரைக்கும் அவள் மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று ஒரு நிம்மதி. அசட்டு நிம்மதி.

வெளியே வந்ததும் மகள் வராந்தாவிலேயே நின்றுவிட்டாள்.

"யாரும் அனுப்பிடக் கூடாதுன்னு சொன்னியே, அந்த யாரும் நான்தானேம்மா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தம்பியை நான் தெருவுல விட்டுடுவேன்னு அப்பா நெனச்சிருக்காரு. நீயும் கூட உக்காந்து பார்த்திருக்க."

நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்காமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அவமானமாக இருந்தது. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வேறு போட்டிருந்தாளே.

"தப்புதான். இப்ப கேக்கறேன். எனக்கப்புறம் அவனைப் பார்த்துக்குவியா?"

"வாய் வார்த்தைக்குச் சரின்னு சொல்ல மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கு, வேலை இருக்கு. அவனுக்கு என்னென்ன வேணும்னு ஒண்ணு விடாம சொல்லு, எழுதிக்கறேன். பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்."

அன்று மத்தியானமே சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். பட்டன் வைத்த சட்டை ஆகாது. முடி வெட்டக் கத்திரியைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடுவான், தூங்கும்போதுதான் வெட்ட வேண்டும். கதவைப் பூட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டால்தான் படுப்பான், அது அவன் அப்பா செய்த பழக்கம். இரண்டு பக்கம் நிறைந்தது. மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதை அம்மா பார்த்தாள். பாதியை மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மறைக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்தாள்.

மகளின் பேனா மட்டும் நிற்கவில்லை.

"என்ன எழுதற? நான் ஒண்ணும் சொல்லலையே."

மகள் தாளைத் திருப்பிக் காட்டினாள். 'தலைவலி வந்தால் சொல்லத் தெரியாது. இடது காதைப் பிடித்துக்கொண்டு மூலையில் போய் நிற்பான்.'

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். அப்படி அவன் நின்ற நாட்கள் எத்தனை. அடம் பிடிக்கிறான் என்று அவனைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்த நாட்கள் எத்தனை.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கூல் படிக்கிறப்பவே தெரியும். நீங்க ரெண்டு பேரும் கடையில இருப்பீங்க. நான்தானே அவன்கூட இருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். உனக்கு என்னடி தெரியும்னு அப்பா சிரிச்சாரு. நீயும் சிரிச்ச."

பார்த்துக்கொள்வேன் என்றோ மாட்டேன் என்றோ மகள் இன்னும் சொல்லவில்லை. அம்மா மறுபடி அதைக் கேட்கவில்லை. தாளை மகள் பக்கமாகவே நகர்த்தி வைத்தாள்.

"வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாதோ, அதையும் எழுதும்மா" என்றாள்.