ஏழாவது கோப்பை

நத்தை ஆராய்ச்சித் துறையில் பேராசிரியர்கள் ஆறு பேர்தான். ஆனால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவர்களுக்கு ஏழு கோப்பைத் தேநீர் வைக்க வேண்டும். ஏழாவது, துறையைத் தொடங்கி நான்கு வருஷத்துக்கு முன் காலமான பெரியவருக்கு. அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்ததால் இப்போதும் சர்க்கரை போடக் கூடாது. செத்தவருக்கு என்ன பத்தியம் என்று கேட்க, தற்காலிக வேலையில் இருப்பவளுக்கு வாய் வருமா?

அவள் நாடு விட்டு நாடு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தேநீர் போடுவதும் கோப்பை கழுவுவதும் புதிதாக வந்தவர் தலையில்தான் விழும். கழுவும்போது பெரியவரின் கோப்பை பெரும்பாலும் காலியாக இருக்கும். துறைத் தலைவரின் கைவரிசை என்று முதலில் நினைத்தாள். அவர் விடுப்பில் போன வாரமும் காலியாகவே இருந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் அந்த அறையில் தனியாக நிற்க முடியாது.

அன்றைய கூட்டம் அவளைப் பற்றியது. வேலை நிரந்தரமானால் கணவனையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் காலையில்கூட ஃபோனில் கேட்டாள்: "அம்மா, எங்களுக்கு எப்ப டிக்கெட் போடுவ?"

மூன்று கைகள் அவளுக்காக எழுந்தன. மூன்று எழவில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இழுபறி வந்தால் துறையின் வழக்கம் தெரியும்தானே என்றார். கூட்டம் முடிவதற்குள் பெரியவர் தேநீரைக் குடித்தால் சம்மதம். குடிக்காவிட்டால் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

அவள் கண் கொட்டாமல் அந்தக் கோப்பையையே பார்த்திருந்தாள். இருபது நிமிஷமாயிற்று. தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது, மேலே ஆடைகூடப் படிந்துவிட்டது. அவள் தன்னுடைய தேநீரையும் தொடவில்லை. இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டதோடு சரி.

அப்போது ஒருவர் ஜன்னல் திரையைக் காட்டினார். பதினோரு நாளாகக் காணாமல் போயிருந்த நத்தை அங்கே ஊர்ந்துகொண்டிருந்தது. ஆறு பேரும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால், அது தாவிக் குதித்துத் தப்பிவிடும் என்று பயந்தது போலிருந்தது.

மேஜையில் யாரும் இல்லை. அவள் எட்டிப் பெரியவரின் கோப்பையை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள். கொதிக்கக் கொதிக்கப் போட்ட தேநீர், தொண்டையில் ஐஸ் தண்ணீராக இறங்கியது. கோப்பையை வைத்துவிட்டு அவளும் ஜன்னலுக்குப் போய் நத்தையைப் பார்த்தாள்.

தலைவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "குடிச்சிட்டார். இனிமே நீங்க எங்க ஆளு."

எதிர்த்தவர்களும் வந்து கைகுலுக்கினார்கள். சந்தோஷமும் வெட்கமுமாக அவளுக்குக் கண் நிறைந்தது.

எல்லோரும் போனபின், டிக்கெட் போடச் சொல்லிக் கணவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கோப்பைகளை அடுக்கினாள். கடைசியாகத் தன்னுடையதை எடுத்தாள். ஒரு வாய்கூடக் குடிக்காத கோப்பை. காலியாக இருந்தது. அடியில் கலக்காமல் விட்ட சர்க்கரையை யாரோ விரலால் வழித்து நக்கிய தடம் வட்டமாகத் தெரிந்தது.

அவள் போட்டது கள்ள ஓட்டு என்பது ஒருவருக்குத் தெரியும். அவர் குடித்தது சம்மதமா, லஞ்சமா என்று கேட்கத்தான் வழியில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரியவரின் கோப்பையில் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டாள். தலைவர் பதறி, அவருக்கு ஆகாதே என்றார்.

"பரவாயில்ல சார்," என்றாள் அவள், காலி நாற்காலியைப் பார்க்காமல். "அவருக்கு வேணுமாம்."