அது வரோணுங்க!

பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப்போகிற காளிச்சாமிக்கு 'வாய்க்கால்' என்ற சொல் மறந்துபோனது கொல்லங்கோட்டு மேடையில்தான். கையில் மைக், எதிரே கூட்டம். மனிதர் அசரவில்லை.

"அது வரோணுங்க! அது வராம நான் உடமாட்டேன்! அதைத் தடுக்கறவன் ஆருன்னு உங்களுக்கே தெரியும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் தண்ணீர் வருமென்று நினைத்தார்கள். பென்ஷனுக்குக் காத்திருந்தவர்கள் பென்ஷன் என்று. மகளுக்கு வரன் தேடி அலுத்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்க்கட்சிக்காரர்கூடத் தட்டினாராம்.

தட்டாதவள் அவர் மனைவி பெரியம்மாள் ஒருத்திதான். அன்று காலை மண்வெட்டியைக் கேட்க வார்த்தை வராமல் அவர் தரையைக் கொத்திக் காட்டியதை அவள் பார்த்திருந்தாள். இந்த மனிதருக்கு என்னவோ ஆகிறது. என்னவென்று தெரியாமல் தேர்தலில் நிற்க விடக்கூடாது.

"தேர்தல் முடியட்டுங்க அண்ணி," என்றான் கட்சிச் செயலாளர் பூபதிராஜா. "அண்ணன் இப்பத்தானுங்க நல்லாப் பேசறாரு."

"உங்கண்ணன் பேச்சுல சாமானமே இல்லீங்க தம்பி. வெறும் சாக்குப்பை."

பிடித்த பிடியில் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வேட்பாளர் கைநழுவிவிடுவாரோ என்ற பயத்தில் பூபதிராஜாவும் தொற்றிக்கொண்டான்.

மூளை டாக்டர் ஜிபி, ஸ்கேனைப் பார்த்தார். பிறகு சில படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். பூட்டுக்கு, "ஊட்டைச் சாத்திட்டுப் போடுவமே, அது" என்றார் காளிச்சாமி. யானைக்கு, "கோயில் திருவிழாவுக்கு வருமே, பெருசா" என்றார். ஒன்றுக்கும் பெயர் வரவில்லை.

"அல்சைமர். ஆரம்பம்தான்," என்றார் டாக்டர். "மூளையில பொருளையும் பேரையும் சேத்துக் கட்டற வழிதான் இவருக்கு முதல்ல பழுதாயிருக்கு. வாக்கியம் கட்டற இடம் இன்னும் நல்லா இருக்கு. அதனால பேச்சு ஓடும். உள்ள விஷயம் இருக்காது."

"அது எங்க கட்சியில எல்லாத்துக்கும் உண்டுங்க," என்றான் பூபதிராஜா, கெஞ்சலாக.

டாக்டர் காளிச்சாமியைப் பார்த்தார். "உங்க மனைவி பேர் என்ன?"

காளிச்சாமி சிரித்தார். "எங்க பக்கம் பொண்டாட்டி பேரைச் சொல்ற வழக்கமில்லீங்க."

டாக்டர் மரியாதையாகத் தலையாட்டினார். பெரியம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வழக்கம் பெண்டாட்டிகளுக்கல்லவா! ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுகிறவள் அவள். அவரோ, களத்தில் நின்று "பெரியம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தால் அடுத்த வயலில் கொக்கு பறக்கும். இப்போதெல்லாம் "இந்தா புள்ள" மட்டும்தான். அது எப்போதிருந்து? கவனிக்காமல் போனோமே என்று அழுகை முட்டியது.

"சரி, நீங்களாவது சொல்லுங்கம்மா. இவர் பேர்?" என்று டாக்டர் விளையாட்டாகக் கேட்டார்.

பழக்கதோஷத்தில் பூபதிராஜா வாயைத் திறந்தான். பெரியம்மாள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"காளிச்சாமி," என்றாள்.

பூபதிராஜா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். காளிச்சாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அதேதானுங்க!" என்றார் டாக்டரிடம்.

திரும்பும் பஸ்ஸில், "தேர்தலுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க தம்பி," என்று பூபதிராஜாவிடம் சொல்லி முடித்துவிட்டு, அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க காளிச்சாமி. நான் பெரியம்மாள். சொல்லுங்க."

"பெரியம்மாள்."

முன் சீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, அவளுக்கென்ன வெட்கம்.

புதுநகரம் தாண்டியதும் மறுபடி தன் பெயரைக் கேட்டாள். அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அது வரோணும் புள்ள," என்றார் மெதுவாக. "அது வராம நான் உடமாட்டேன்."